தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல் ரத்து, 2016

வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதற்காக இந்தியாவில் முதன்முதலாக ரத்தான இரண்டு சட்டமன்றத் தேர்தல்களில் ஒன்று தஞ்சாவூர்த் தொகுதியுடையது. மற்றது கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி. 2016 மே 16 அன்று தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 232-இல் வாக்குப்பதிவு முடிந்தது. இவ்விரண்டிலும் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை மே 23-க்கும், பிறகு ஜூன் 13-க்கும் தள்ளிவைத்தது. மே மாத இறுதியில் அறிவிக்கையையே திரும்பப் பெற்றது.

இப்படிச் செய்யச் சட்டத்தில் நேரான வழி இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஏ பிரிவு, வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய இடம் தருகிறது. பணப்பட்டுவாடா பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே ஆணையம் அரசியலமைப்பின் 324-ஆம் உறுப்பு தரும் பொது அதிகாரத்தைக் கொண்டு முடிவெடுத்தது. சட்டத்தைத் திருத்தும்படி ஒன்றிய அரசிடம் கேட்டது, திருத்தம் வரவில்லை. நவம்பர் 19 அன்று நடந்த தேர்தலில் அதிமுகவின் எம். ரங்கசாமியும் திமுகவின் அஞ்சுகம் பூபதியும் மீண்டும் களமிறங்க, ரங்கசாமி வென்றார். ஆறு மாதம் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் இருந்த தொகுதி மக்களே உண்மையில் தண்டிக்கப்பட்டார்கள்.

ஓட்டுக்குப் பணம் என்பது தஞ்சாவூர் அமைந்த காவிரி டெல்டாவில் பிறந்த வழக்கமல்ல. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அதற்கு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயரே நிலைத்தது. 2016-இல் வேட்பாளரின் செலவு வரம்பு 28 லட்சம் ரூபாய். கட்சியின் செலவுக்கோ வரம்பே கிடையாது. பணம் எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டால்தான் இந்தக் கதை முழுமையாகும்.

நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தருவது 1969-இல் தடைசெய்யப்பட்டு, 1985-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1991-க்குப் பிந்தைய தாராளமயம் கனிமம், எரிவாயு, துறைமுகம் எனப் பலவற்றைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அரசிடம் உரிமம் பெறவேண்டிய நிறுவனங்களே கட்சிகளின் பெருங்கொடையாளர்களாகவும் ஆயின. மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பும் 2017-இல் நீக்கப்பட்டது. 2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் நன்கொடை கொடுத்தவர் பெயரையும் மறைத்தது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்த பிறகே பெயர்கள் வெளிவந்தன. பத்திரங்கள் வழியாக அதிகம் பெற்றது பாஜக. திமுக பெற்ற சுமார் 656 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்தினுடையது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடைசெய்யப்பட்ட தொழில். சுமார் 400 கோடிக்குப் பத்திரம் வாங்கிய வேதாந்தா, 2018-இல் காவிரிப் படுகையில் ஹைட்ரோகார்பன் ஆய்வு உரிமம் பெற்ற நிறுவனம். கொடைக்கும் உரிமத்துக்கும் தொடர்பு இருந்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் மன்னார்குடி மீத்தேன் திட்டத்தையும் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் எதிர்த்துத் தெருவில் நின்ற விவசாயிகளுக்கு, அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய காலத்தில் கேட்பதற்கான விவரமே கிடைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அவர்கள் போராட்டத்தின் பயன். அதற்கு முன்பே இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை.