கார், மோட்டார் சைக்கிள்: வேக ஒப்பீடு

ஒரே தரத்தில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரையும் மோட்டார் சைக்கிளையும் அருகருகே நிறுத்திப் புறப்பட விட்டால், நேர்சாலையில் மணிக்கு 200 கிலோமீற்றர் வரை மோட்டார் சைக்கிளே முந்தும். வளைவு வந்ததும் கார் எட்டிப் பிடிக்கும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் தாண்டிவிடும். வெற்றியைத் தீர்மானிப்பதில் என்ஜினை விடச் சாலைக்கே பங்கு அதிகம். இலங்கையின் எம்பிலிப்பிட்டிய நகரைச் சுற்றி இரண்டு வகைச் சாலையும் உண்டு. பெல்மதுளையிலிருந்து வரும் ஏ18 சாலை, ஊரைத் தாண்டியதும் வளவை கங்கைப் படுகையின் சமதரையில் நோனாகம நோக்கி இறங்குகிறது. மலைப்பக்கம் திரும்பி இறக்குவானையிலிருந்து தெனியாய நோக்கி ஏறினால், புலுத்தோட்டைக் கணவாயின் பத்துக் கொண்டை ஊசி வளைவுகள் குறுக்கிடும்.

நேர்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கைகொடுப்பது நிறை. யமஹா ஆர்1 போன்ற 1000 சிசி வண்டி சுமார் 200 குதிரைவலு தரும். அதன் நிறையும் 200 கிலோ அளவுதான். 75 கிலோ ஓட்டுநரைச் சேர்த்தால் ஒரு குதிரைவலு 1.4 கிலோவை இழுக்கிறது. 510 குதிரைவலு கொண்ட போர்ஷே 911 ஜிடி3 காரிலோ ஒரு குதிரைவலுவுக்கு ஏறக்குறைய 3 கிலோ. அப்படியானால் மோட்டார் சைக்கிள் இரு மடங்கு விரைவாகப் பாய வேண்டும் அல்லவா? முதல் 100 கிலோமீற்றர் வேகம் வரை அப்படி நடப்பதில்லை. இரண்டுக்கும் மூன்று செக்கனைச் சுற்றியே ஆகிறது. ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகினால் முன்சில்லு தரையை விட்டு எழும்பிவிடும். ஓட்டுநர் பெட்ரோல் தொட்டியோடு ஒட்டிக் குனிந்து, வலுவைப் பாதியில் அடக்கித்தான் புறப்பட வேண்டும். 100ஐத் தாண்டிய பிறகே அந்த வலு முழுவதும் வெளிவருகிறது. 200ஐத் தொட ஜிடி3க்குப் பத்துச் செக்கனுக்கு மேல் ஆகும். நல்ல மோட்டார் சைக்கிள் அதற்கு முன்பே அங்கே போய்விடும்.

அதற்கு மேல் காற்று குறுக்கே நிற்கிறது. மோட்டார் சைக்கிளின் முகப்பு சிறியது; ஆனால் ஓட்டுநரின் தோளும் முழங்காலும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் காற்று சீராக வழிந்து ஓடுவதில்லை. தாழ்ந்த, வழுவழுப்பான உடல் கொண்ட கார், கூடுதல் குதிரைவலுவோடு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. 1999இல் சுசுக்கி ஹயபுசா வந்து போட்டி சூடுபிடித்த பிறகு, உற்பத்தியாளர்கள் தமக்குள் பேசிச் சாலை மோட்டார் சைக்கிள்களின் உச்ச வேகத்தை 299 கிலோமீற்றரில் நிறுத்தினார்கள். 2019இல் புகாட்டி சிரோன் கார் ஜேர்மனியின் சோதனைத் தடத்தில் 490 கிலோமீற்றரைத் தொட்டது. பந்தயத் தடங்களில் இடைவெளி மிகக் குறைவு: 2016இல் மெக்சிக்கோவில் ஃபோர்முலா 1 கார் ஒன்று 372.5, 2023இல் முஜெல்லோவில் மோட்டோ ஜிபி பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று 366.1.

உண்மையான வித்தியாசம் வளைவில்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் தரையைத் தொடும் இடம் இரண்டு உள்ளங்கை அளவு. வளைவுக்குள் நுழையும்போது முன்டயர் ஒன்றே பிரேக்கின் பாரத்தையும் திரும்பும் பாரத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். பிரேக்கைக் கூட்டிப் பிடித்தால் பின்சில்லு எழும்பும். சாய்வைக் கூட்டினால் பிரேக்கைத் தளர்த்தியாக வேண்டும். காரில் இந்த வேலையை நான்கு அகன்ற டயர்கள் பகிர்ந்துகொள்கின்றன. பந்தயக் காரின் இறக்கைகள் காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துவதால், வேகம் கூடக்கூடப் பிடிப்பும் கூடுகிறது. மோட்டோ ஜிபி வண்டிகளிலும் இப்போது சிறு இறக்கைகள் உண்டு. ஆனால் வண்டி சாய்ந்து கிடக்கையில் அவற்றால் காரைப் போல உதவ முடியாது.

இதற்கு நம் பக்கத்துச் சான்று டெல்லிக்கு அருகிலுள்ள புத் பந்தயத் தடம். 2011இல் அங்கே செபாஸ்டியன் வெட்டல் ஃபோர்முலா 1 காரில் 1 நிமிடம் 24 செக்கனில் ஒரு சுற்றை முடித்து முதலிடத்தில் புறப்பட்டார். சிறு மாற்றங்களோடு அதே தடத்தில் 2023 செப்டெம்பரில் மோட்டோ ஜிபி நடந்தபோது, முதலிடத்தைப் பிடித்த மார்கோ பெசெக்கிக்கு ஏறக்குறைய 1 நிமிடம் 44 செக்கன் ஆனது. இருபது செக்கன் இடைவெளி நேர்சாலையில் வந்ததல்ல. பிரேக்கிலும் வளைவிலும் சேர்ந்தது.

மலையேற்றப் பந்தயம் இந்த ஒப்பீட்டுக்கு மிக நேர்மையான களம். ஒவ்வொரு வண்டியும் நின்ற நிலையிலிருந்து தனியாகப் புறப்படும்; கடிகாரத்தோடு மட்டுமே போட்டி. இலங்கையில் நுவரெலியாவின் மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டச் சாலையில் 1934இல் தொடங்கிய பந்தயம் இந்த வகையின் முன்னோடி. காரும் மோட்டார் சைக்கிளும் ஒரே நாளில் ஒரே தார்ச்சாலையில் ஏறும். குறுகிய தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி வசதி ஒன்றுண்டு: உடல் ஒல்லியாக இருப்பதால், சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவை நேராக்கிக்கொள்ளலாம். தடம் நீளும்போது அந்த வசதி கரைந்துவிடுகிறது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 20 கிலோமீற்றர் தூரத்தில் 156 வளைவுகள். 2018இல் ஃபோக்ஸ்வாகன் மின்கார் 7 நிமிடம் 57 செக்கனில் ஏறியது. மோட்டார் சைக்கிளின் சிறந்த நேரம் 2019இல் பதிவான 9 நிமிடம் 44 செக்கன். அந்த ஆண்டு ஒரு வீரர் உயிரிழந்த பின் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் நிறுத்தப்பட்டது.

இலங்கையில் சாலியபுரவின் கஜபா, தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் முதலிய சுப்பர்குரோஸ் பந்தயங்கள் மண் தடத்தில் நடப்பவை. மண்ணில் காரின் அகன்ற டயரும் வழுக்கும். மேடுகளில் மோட்டார் சைக்கிள் பறந்து இறங்கும். ஆனால் தடத்தின் ஓரத்தில் நிற்பவரின் உயிரைப் பொறுத்தவரை வேகத்தை மட்டும் கணக்கிட்டுப் பயனில்லை. ஓட்டுநரோடு சேர்ந்து 180 கிலோ வரும் மண்தட மோட்டார் சைக்கிளும் 1100 கிலோ வரும் காரும் ஒரே வேகத்தில் தடம் மாறினால், கார் ஆறு மடங்கு ஆற்றலோடு வரும். 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். கார் ஓடும் தடத்துக்கான தடுப்பு, மோட்டார் சைக்கிளுக்குப் போதுமானதை விடப் பல மடங்கு வலுவாக இருந்தே ஆக வேண்டும்.

எம்பிலிப்பிட்டியவின் அன்றாடச் சாலையில் ஆர்1உம் இல்லை, போர்ஷேயும் இல்லை. பல்சர் 150உம் சுசுக்கி ஆல்டோவும்தான். அங்கேயும் அதே கணக்குத்தான். பல்சர் சுமார் 14 குதிரைவலு, 145 கிலோ. 800 சிசி ஆல்டோ சுமார் 47 குதிரைவலு, 700 கிலோ. 65 கிலோ ஆள் ஒருவர் மட்டும் ஓட்டினால் குதிரைவலுவுக்குப் பல்சர் 15 கிலோவும் ஆல்டோ 16 கிலோவும் இழுக்கின்றன. மோட்டார் சைக்கிள் சற்று முந்தும். பின்னால் இன்னொருவர் ஏறினால் பல்சரின் சுமை ஏறக்குறைய 20 கிலோவாகிறது, ஆல்டோவுக்கு 18ஐத் தாண்டாது. ஒற்றைப் பயணியால் முடிவு தலைகீழாகிவிடுகிறது. மலைச்சாலையில் மழைக்காலம் வந்தால் பல்சரின் கதி இன்னும் சிரமம். உடவளவை அணைக்கட்டின் மேலே நீரைத் தழுவி வரும் குறுக்குக் காற்றும் இரு சில்லு வண்டியைத்தான் தள்ளும்.

நீண்ட பயணத்தில் சட்டமும் காரின் பக்கமே. இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2011இல் திறந்த தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2020இல் அம்பாந்தோட்டை வரை நீண்டது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து தெற்கே இறங்கி அதில் ஏறும் கார், 100 கிலோமீற்றர் வேகத்தில் கொழும்பு நோக்கி ஓடலாம். மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவர், பெல்மதுளையும் இரத்தினபுரியும் கடந்து பழைய சாலையிலேயே போக வேண்டும்.