மணற்பலகையில் ஒரு பாலைவனப் போர்

நிலாவெளியைக் கடந்து வடக்கே செல்லும் பாதையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த ஊர் இறக்கக்கண்டி. அங்கே மணலுக்குப் பஞ்சமில்லை. அம்மணலில் சிறிதளவை ஒரு பலகைத் தட்டிற் பரப்பி, தீப்பெட்டிகளை யுத்த தாங்கிகளாகவும் புளியங்கொட்டைகளைக் காலாட்களாகவும் நிறுத்தி, இராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த ஒரு போரைத் தனியொருவர் ஆடிப்பார்க்க இயலும். எதிராளி வேண்டியதில்லை. இரு படைகளுக்கும் அவரே தளபதி; நடுவரும் அவரே. இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆயினும் இவ்வாட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு திருகோணமலைத் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கின்றது.

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் பாரதநாட்டிற் பிறந்தது. அதில் இரு படைகளும் சம வலிமை உடையன. எதிரியின் காய் எதுவும் கண்ணுக்கு மறைவில்லை. மெய்யான போரிலோ இவ்விரண்டும் கிடையா. இக்குறையைப் போக்க முனைந்தவர், பிரஷ்யா நாட்டின் ரைஸ்விட்ஸ் பிரபு ஆவார். அவர் முதலில் ஈரமணலில் மேடுபள்ளம் அமைத்தே படைகளை நகர்த்திக் காட்டினார்; 1812இல் அரசருக்கு அழகியதொரு மேசையாக அதனைச் செய்தளித்தார். அவர் மகன் 1824இல் தேசப்படத்தையும் பகடையையும் நடுவரையும் சேர்த்து அதனைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் அது படை அதிகாரிகளின் பயிற்சியாயிற்று.

நடுவர் நேர்மை தவறினால் விளைவு யாது? 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. அவற்றை ஏவிய கப்பல்களுள் அககி என்பதும் ஒன்று. அடுத்த மாதத் தொடக்கத்தில் யப்பானியக் கடற்படைத் தலைவர்கள் மிட்வே தீவுத் தாக்குதலை மேசைமீது ஆடிப்பார்த்தனர். அககியும் ககா என்னும் மற்றொரு விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியதாகப் பகடையின்படி நடுவர் தீர்ப்பளித்தார். ஆட்டத்தை நடத்திய உககி என்னும் அட்மிரல், விழுந்த குண்டுகளின் தொகையை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைத்தார். அககி பிழைத்தது, மூழ்கிய ககாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. ஜூன் மாதத்தில் நடந்த மெய்ப்போரிலோ அவ்விரு கப்பல்களும், அவற்றோடு வேறு இரண்டும், கடலடியிற் சென்றன. அங்கே தீர்ப்பைத் திருத்த எவருமில்லை.

தனியாக ஆடுபவர் எதிர்கொள்ளும் சோதனையும் இதுவே. அதற்கு ஏற்ற களம் லோங்கேவாலா. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, ஜெய்சல்மேர் மாவட்டத்திலுள்ள அக்காவல்நிலையில், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்த ஏறத்தாழ 120 வீரர் இருந்தனர். அவர்களிடம் தாங்கி ஒன்றேனும் இல்லை. ஜீப்பில் ஏற்றிய தாங்கியெதிர்ப்புப் பீரங்கியே பெருந்துணை. எதிரே வந்தவையோ நாற்பதுக்கும் மேற்பட்ட பாக்கிஸ்தானியத் தாங்கிகள். அவற்றுடன் 2,000க்கும் மேற்பட்ட வீரர். நின்று பொருவதா, நடந்தே பின்வாங்குவதா என்னும் முடிவு மேஜரிடம் விடப்பட்டது. அவர் நின்றார்.

இதனை மணற்பலகையில் ஆடுபவர், நள்ளிரவு 12 மணி முதல் காலை 7 மணி வரை அரைமணிக்கு ஒரு சுற்றாக, 14 சுற்றுக்களை வகுத்துக்கொள்ளலாம். ஜெய்சல்மேர் தளத்து ஹண்டர் விமானங்களுக்கு இரவிற் பொருதும் வசதி இல்லாமையால், இச்சுற்றுக்களில் அவை எழமாட்டா. பாதையை விட்டு விலகும் ஒவ்வொரு தாங்கிக்கும் பகடை உருட்டவேண்டும். ஒன்று விழுந்தால் அது மணலிற் புதையும். இனி, கடினமான விதி ஒன்று உண்டு. அன்றிரவு காவல்நிலையின் முன்னிருந்த முள்வேலியைக் கண்ட தாங்கிப்படையினர், அப்பால் கண்ணிவெடி வயல் உண்டென அஞ்சித் தயங்கினர். பெரிய வயல் எதுவும் அங்கில்லை. மணற்பலகையின் முன் அமர்ந்தவர் இதனை அறிவார். ஆனால் தாங்கிப்படையின் தளபதியாக அவர் அறியலாகாது. அறிந்ததை அறியாதவராக நின்று, தயக்கம் எத்தனை சுற்று நீடிக்கும் என்பதைப் பகடைக்கே விடவேண்டும். தமக்கு விருப்பமான பக்கம் தோற்கும் வேளையிலும் அப்பகடையைத் தொடாதிருத்தலே நேர்மை.

இவ்விதம் பன்முறை ஆடினால் வரலாற்று நூலின் ஒருவரி முடிவு பலவாக விரியும். தயக்கம் குறுகினால், விடியுமுன் காவல்நிலை வீழும். விமானங்களை நீக்கிவிட்டு ஆடினால், காலைப்பொழுதுக்குப் பின் அது நிற்பது அரிது. காவல்நிலையை நீக்கிவிட்டு ஆடினாலோ, விடியும்போது தாங்கிகள் ராம்கர் செல்லும் பாதையில் நெடுந்தூரம் போயிருக்கும். வெற்றி தரைப்படைக்கா விமானப்படைக்கா உரியது என்று பிற்காலத்தில் எழுந்த வழக்குக்கு மணற்பலகை தரும் விடை இது: இரவைக் கடத்தியவர் ஒருவர், பகலை வென்றவர் மற்றொருவர். ஒருவரின்றி மற்றவருக்கு வேலையில்லை.

மெய்யாக நடந்ததும் அதுவே. விடிந்ததும் வந்த விமானங்கள், ஒதுங்க மரநிழலும் இல்லாத வெளியில் தாங்கிகளைத் தாக்கின. தமக்கு மேலே காவலாகத் தம் நாட்டு விமானம் ஒன்றுமின்றி அவை அகப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன அல்லது கைவிடப்பட்டன என்பது இந்தியக் கணக்கு. சாந்த்புரிக்கு மகாவீர சக்கரம் வழங்கப்பட்டது. அவர் 2018இல் காலமானார். காவல்நிலையில் மாண்டோர் இருவர். தாக்க வந்தோரில் மாண்டவர் 200 பேர் வரை என மதிப்பிடுவர்.

இரு பக்கத்துக்கும் மாறிமாறி அமர்ந்து சிந்திப்பவருக்கு இவ்விரு தொகைகளும் ஒரே கணக்கில் வந்துசேரும். இருளில் முள்வேலியின் முன் நின்று அஞ்சிய தாங்கி ஓட்டியும், பதுங்குகுழியில் விடியலை எதிர்நோக்கிய காவல் வீரனும் அவருடைய சிந்தையில் ஒருங்கே இடம்பெறுவர். போரைக் கண்ட மண்ணில் வாழ்வோர்க்கு இப்பயிற்சி சிறு பயனன்று. எதிரியின் இடத்தில் அமர்ந்து, அவனுக்குரிய பகடையையும் வஞ்சகமின்றி உருட்டக் கற்றவர், வரலாற்றையும் அவ்விதமே படிப்பார்.