தண்ணீர் வாங்கித் தரும் நேரம்

"தண்ணி ஏத்தியாச்சு, இனி பயமில்ல" என்று மருத்துவமனை வராந்தாவில் யாராவது சொல்லக் கேட்டிருப்போம். அந்த ஆறுதலில் பாதிதான் உண்மை என்பதை எனக்குப் புரியவைத்தவர் தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர்.

1832 மே மாதம். லீத் துறைமுக நகரில் காலராவால் வற்றி, நாடியே தட்டுப்படாமல் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக்குழாயில் லாட்டா உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர். குழிவிழுந்த கண்ணில் உயிர் வந்தது, நாடி திரும்பியது. அவரை இன்னொரு மருத்துவரின் பொறுப்பில் விட்டுவிட்டு லாட்டா கிளம்பினார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார். மறுபடியும் உப்புநீர் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்றே லாட்டா நம்பினார்.

குடல்வால் வெடித்தோ குடலில் ஓட்டை விழுந்தோ வயிற்றுக்குள் சீழ் பரவும்போதும் ரத்தக்குழாய்கள் இப்படித்தான் வற்றுகின்றன. ஆனால் இங்கே நீர் வெளியே போவதில்லை. குழாய்கள் தளர்ந்து கசிய, உள்ளுக்குள்ளேயே தேங்குகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீர் குறைகிறது. உப்புநீர் குழாயை நிரப்பும், கிருமியை ஒன்றும் செய்யாது.

1926 இதற்குச் சாட்சி. ஆகஸ்டில் நியூயார்க்கில் நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ, 31 வயது. அக்டோபர் கடைசி நாளில் டிட்ராய்ட்டில் மாயவித்தைக்காரர் ஹௌடினி, 52 வயது. இருவருக்கும் வயிற்றறைத் தொற்று, இருவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. புகழும் பணமும் இருந்தன, ஆன்டிபயாட்டிக்தான் இல்லை. ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை வளர்ந்தது 1928இல். குடல் கிருமிகளுக்குப் பென்சிலின் மட்டும் போதாது என்பதால் ஜென்டாமைசின், மெட்ரோனிடசோல் எல்லாம் பின்னால் வரவேண்டியிருந்தது.

இன்றைய சர்வதேச வழிகாட்டிகள் இந்த அதிர்ச்சி நிலைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொல்கின்றன. முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் நீர். அறுபது கிலோ மனிதருக்கு 1.8 லிட்டர். அளவு மிஞ்சினால் நுரையீரல் நனைந்துவிடும். சீழை வடிக்காமல், ஓட்டையை அடைக்காமல் இரண்டும் நெடுநேரம் தாங்காது.

தண்ணீர் நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த நேரத்தில் மருந்து போட்டாச்சா, சீழ் எங்கேன்னு பார்த்தாச்சா என்பதில்தான் உயிர் இருக்கிறது. மணிக்கொருமுறை சிறுநீரை அளக்க வரும் தாதி, லீத் மூதாட்டிக்குக் கிடைக்காத ஒருவர்.