மண்மாரிக்கு முன்னாடி என்ன நடந்தது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு பழைய சாஃப்ட்வேர்ல இருந்த ஒரே ஒரு செட்டிங்கைப் பத்திப் பேசப் போறோம். ஆனா ஆரம்பம் எங்க ஊர்ல.

எங்க ஊர் திருமலைராயன்பட்டினம். காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவுல, கடலோரம். பேச்சுல டி.ஆர்.பட்டினம். மாசி மகத்துக்கு திருக்கண்ணபுரம் பெருமாள் தீர்த்தவாரிக்கு வர்ற ஊர். தாத்தா சின்ன வயசுல ஒரு கதை சொல்வார். 15ஆம் நூற்றாண்டுல காளமேகப் புலவர் இந்த ஊர் மேல மண்மாரி பொழியணும்னு சாபம் விட்டுப் பாடினாராம், ஊரே மண்ணுக்குள்ள போச்சாம். எனக்கு அப்போ காளமேகம் மேல பயங்கரக் கோபம். ஒரு ஊரையே சபிக்கிற ஆளு என்ன புலவர்?

முழுக் கதை தெரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சுத்தான். திருமலைராயன் அவைக்கு அவர் வந்தப்போ, அதிமதுரகவியும் மற்ற புலவர்களும் அவருக்கு உட்கார இடம்கூட கொடுக்கலை. உயிரைப் பணயம் வெச்சுப் பாடுற யமகண்டம்ங்கிற போட்டிக்கு இழுத்தாங்க. அதுலயும் அவர் ஜெயிச்சார். அதுக்கப்புறமும் உரிய மரியாதை கிடைக்கலை. அந்தச் சாபம் கடைசிப் பதில். அதுக்கு முன்னாடி ஒரு நீளமான வாக்குவாதம் இருந்திருக்கு. சாபம் சரியா தப்பாங்கிறது வேற விஷயம். நான் கடைசிப் பதிலை மட்டும் வெச்சு ஒருத்தரை எடை போட்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'நியூஸ்ரீடர்'னா இப்ப நம்ம போன்ல இருக்கிற செய்தி ஆப் இல்லை. யூஸ்நெட் படிக்கிறதுக்கான சாஃப்ட்வேர். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இரண்டு பேரும் யோசித்து, 1980இல் ஓட ஆரம்பித்த உரையாடல் வலை அது. அதுக்கு ஒரு தலைமைக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரும் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பதிவுகளைக் காப்பி எடுத்துக் கொடுக்கும், ஆரம்பத்துல டெலிபோன் லைன் வழியா. அதனால சில நேரம் கேள்வி வந்து சேர்றதுக்கு முன்னாடியே பதில் வந்துடும்.

நம்ம ஆட்களும் அங்கே இருந்தாங்க. குழுவின் பெயர் சாக்.கல்ச்சர்.டமில். இந்தியாவுல பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15இல்தான். அதனால 90களின் தொடக்கத்துல அங்கே எழுதினவங்கள்ல நிறைய பேர் வெளிநாட்டுல படிச்ச, வேலை பார்த்த தமிழர்கள். திரையில தமிழ் எழுத்து காட்டப் பொது வழி இல்லாததால தமிழையே ஆங்கில எழுத்துல அடிச்சாங்க. சினிமாப் பாட்டு, சங்க இலக்கியம், இலங்கைப் போர்னு எல்லாத்துக்கும் சண்டை உண்டு.

இப்போ முக்கியமான இடம். ஒரு விவாதத்தின் முழு இழை, அதாவது கேள்வி, பதில், பதிலுக்குப் பதில், எங்கே சேமிக்கப்பட்டிருந்தது? எங்கேயும் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் மெசேஜ் ஐடின்னு தனி அடையாளம் உண்டு. பதில் எழுதினா, 'நான் இந்தப் பதிவுக்குப் பதில், அது இன்ன பதிவுக்குப் பதில்'னு முன்னோர் பட்டியலையும் தலைப்பகுதியில சுமந்துக்கிட்டு வரணும். அந்த வரிக்கு ரெஃபரன்சஸ்னு பேர். 1987இல் வந்த ஆர்.எஃப்.சி. 1036 விதிப்படி பதில்களுக்கு அது கட்டாயம். பட்டியல் ரொம்ப நீண்டா பாதியை விட்டுடலாம்னும் அதே விதி அனுமதிச்சுது. உதிரியா வந்த பதிவுகளைக் கோத்து மரமாக்கிக் காட்டுறது முழுக்க நியூஸ்ரீடரோட வேலை.

முதல்ல வந்தவை அதைச் செய்யலை. 1984இல் லாரி வால் எழுதின ஆர்.என். ரொம்பப் பிரபலம். பின்னாடி பெர்ல் மொழியை உருவாக்கினாரே, அவரேதான். அதை எடுத்து வெய்ன் டேவிசன் டி.ஆர்.என். பண்ணினார். முன்னாடி சேர்ந்த 'டி' தான் த்ரெட். திரையின் மூலையில குட்டியா ஒரு மரம் வரைஞ்சு, நீங்க இப்போ எந்தக் கிளையில இருக்கீங்கன்னு காட்டும்.

அப்பவும் ஒரு சிக்கல். நியூஸ்ரீடர் உங்க கணக்குல ஒரு சின்ன ஃபைல் வெச்சிருக்கும். இந்தக் குழுவுல எந்த எண்ணுல இருந்து எந்த எண்ணு வரைக்கும் படிச்சாச்சுங்கிற கணக்கு அதுல இருக்கும். படிச்சதை மறைச்சுட்டுப் புதுசை மட்டும் காட்டும். மோடம் காலத்துல அது நியாயம்தான், ஒவ்வொரு வரி இறங்கவும் நேரமாகும். ஆனா திங்கட்கிழமை படிச்ச கேள்விக்கு வெள்ளிக்கிழமை பதில் வந்தா? பதில் மட்டும் அந்தரத்துல தொங்கும்.

அதுக்குத்தான் அந்த செட்டிங். ஈமேக்ஸ்ல ஓடுற க்னூஸ்ல, பழைய பதிவுகளின் தலைப்பகுதியையும் கொண்டுவான்னு சொல்லலாம். இழையைச் சேர்க்கத் தேவையான அளவு மட்டும்னும் சொல்லலாம், எல்லாத்தையும்னும் சொல்லலாம். எல்லாம்னு சொன்னா குழு திறக்கிறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். தண்டர்பேர்டுல இன்னும் சுலபம். வியூ மெனுவுல த்ரெட்ஸ். அதுல 'அன்ரீட்' வெச்சா படிக்காதது மட்டும் வரும். 'த்ரெட்ஸ் வித் அன்ரீட்' வெச்சா, ஒரு பதில் புதுசா இருந்தாலும் மொத்த இழையும் வரும்.

கேள்வியே சர்வர்ல இல்லைன்னா? பல சர்வர்கள் இடம் பத்தாம பழைய பதிவுகளை அழிச்சுடும். நெட்ஸ்கேப்ல வேலை பார்த்த ஜேமி ஜவின்ஸ்கி இதுக்கு ஒரு அழகான வழி பண்ணினார். காணாமப்போன பதிவுக்குப் பதிலா அவரோட முறை ஒரு காலிப் பெட்டியை வெச்சுக்கும். யார் பேசினாங்கன்னு தெரியாது, ஆனா இங்கே யாரோ பேசியிருக்காங்கன்னு அதுக்குத் தெரியும்.

நான் இதுல வழுக்கி விழுந்ததைச் சொல்றேன். ஒரு எபிசோடுக்காகப் பழைய பதிவுகளைத் தோண்டினப்போ, 'கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தெல்லாம் தேவையில்லை, ஆங்கில எழுத்தே போதும்'ங்கிற அர்த்தத்துல ஒரு வரி சிக்குச்சு. காப்பி எடுத்தேன், நக்கலா ஸ்கிரிப்ட்டும் எழுதிட்டேன். ரெக்கார்டிங்குக்கு முந்தின ராத்திரி முழு இழையையும் திறந்தா, அந்த வரி அவரோடதே இல்லை. இன்னொருத்தர் சொன்னதை எடுத்துப் போட்டு, அதுக்குக் கீழே அவர் மறுத்திருக்கார். மேற்கோள்னு காட்ட வரி முன்னாடி போடுற அம்புக்குறி, நான் காப்பி எடுத்தப்போ விழுந்துபோச்சு. தமிழ் எழுத்துக்காக வாதாடின மனுஷனை, தமிழ் வேண்டாம்னு சொன்னவரா நான் உங்க காதுல போட இருந்தேன்.

இந்த மாதிரிப் பதிவுகள் இன்னைக்கு இருக்கிறதே அதிர்ஷ்டம். டொரொண்டோ பல்கலைக்கழகத்துல ஹென்றி ஸ்பென்சர் 1981லிருந்து 1991 வரைக்கும் 141 காந்த நாடாக்கள்ல யூஸ்நெட்டைச் சேமிச்சு வெச்சார். 1995லிருந்து டேஜா நியூஸ் சேமிச்சுது. அதை 2001இல் கூகுள் வாங்கி, ஸ்பென்சர் நாடாக்களையும் சேர்த்தது. என் பதிவைச் சேமிக்க வேண்டாம்னு தலைப்பகுதியிலேயே சொல்ற வசதியும் இருந்ததால நடுநடுவே ஓட்டைகள். 2024 பிப்ரவரி 22க்கு அப்புறம் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டோட புதுப் பதிவுகளை எடுக்கிறதில்லை. பழசு மட்டும் கிடக்கு.

காளமேகத்தோட பாட்டு பெரும்பாலும் பதில்கள்தான். யாரோ ஒரு அடி கொடுத்தாங்க, யாரோ சீண்டினாங்க, இவர் பாடினார். தனிப்பாடல்னு பேர் வந்தாலும், யார் கேட்டு, எந்தச் சூழ்நிலையில பாடினதுங்கிற கதையும் பாட்டோட சேர்ந்தே வந்திருக்கு. 19ஆம் நூற்றாண்டுல பொன்னுசாமித் தேவர் ஆதரவுல சந்திரசேகர கவிராஜ பண்டிதர் தனிப்பாடல்களைத் திரட்டினார். அந்தக் கதைகள்ல எவ்வளவு உண்மை, எவ்வளவு பின்னாடி கட்டினதுன்னு ஆராய்ச்சி பண்ணலாம். ஆனா அந்தக் கதை இல்லைன்னா பல பாட்டு நமக்கு விளங்கியிருக்காது. எங்க ஊர் சாபமும் அப்படித்தான்.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க மாமாவோ சித்தியோ 90கள்ல வெளிநாட்டுல இருந்திருந்தா கேட்டுப் பாருங்க. பழைய சிடியிலோ ஃப்ளாப்பியிலோ அந்தப் பதிவுகள் கிடக்கலாம். கிடைச்சா தயவுசெஞ்சு தலைப்பகுதியை வெட்டிடாதீங்க. மெசேஜ் ஐடியும் ரெஃபரன்சஸ் வரியும் இருந்தா, எங்கேயோ இருக்கிற இன்னொரு பதிவோட அதை ஒருநாள் கோத்துடலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.