வெள்ளைப் பல்லும் நல்ல பல்லும்

அமெரிக்காவில் நாய், பூனைகளின் பற்களைச் சுத்தம் செய்ய இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. மயக்க மருந்தே கொடுக்காமல், விலங்கை மடியில் அழுத்திப் பிடித்துப் பற்காரையைச் சுரண்டி எடுப்பது ஒன்று. கால்நடை மருத்துவர் முழு மயக்கத்தில் வைத்துச் செய்வது மற்றது. முன்னதற்குச் செலவு குறைவு. மயக்கத்திலிருந்து நம் நாய் எழாமலே போய்விடுமோ என்ற கலக்கமும் இல்லை.

அந்தக் கலக்கம் நியாயமானதே. பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வின்படி, மயக்க மருந்தை ஒட்டிய இறப்பு நல்ல உடல்நிலையிலுள்ள நாய்களில் 0.05%, பூனைகளில் 0.11%. நோயுற்ற விலங்குகளில் அது ஒரு விழுக்காட்டைத் தாண்டியது. முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்வது இதனால்தான்.

ஆனால் விழித்திருக்கும் விலங்கிடம் எதைச் செய்ய முடியும்? உதட்டை விலக்கினால் தெரியும் வெளிப்பக்கத்தைச் சுரண்டலாம். நாக்கை ஒட்டிய உட்பக்கத்தைக் காட்டிக்கொண்டு எந்த நாயும் அசையாமல் இருக்காது. நோயோ ஈறுக்குக் கீழே வளர்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளம் நாய்க்கு 3 மில்லிமீட்டரையும் பூனைக்கு 1 மில்லிமீட்டரையும் தாண்டினால் கவலைப்பட வேண்டும். நாயின் 42 பற்களையும் சுற்றி அதை அளக்க மயக்கம் தேவை, எக்ஸ்ரேவுக்கும் அப்படியே. பார்வைக்குக் குறை தென்படாத பற்களைப் படமெடுத்த 1998ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 27.8% நாய்களிலும் 41.7% பூனைகளிலும் சிகிச்சைக்கு முக்கியமான கோளாறு வெளிப்பட்டது. பூனையின் பல் வேரோடு கரையும் நோய் அவற்றுள் கொடியது. அந்த வலியோடேயே பூனை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் செருகும் குழாயும் பெரிய வேறுபாடு. தெறிக்கும் நீரும் காரைத்துகளும் நுரையீரலுக்குள் போகாமல் அது தடுக்கிறது. சுரண்டியபின் மெருகிடாவிட்டால், சொரசொரத்த பல்லில் காரை விரைவில் மீண்டும் படியும்.

அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி மயக்கமில்லாச் சுரண்டலை ஏற்பதில்லை. எனக்கு அதில் பெரிய கேடாகத் தெரிவது, வெள்ளைப் பல்லைக் கண்டு உரிமையாளர் நிம்மதியாகிவிடுவதுதான். அடியில் எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டே போகும். சிறிய இன நாய்களுக்குத் தாடையே முறியலாம்.

மருத்துவமனைக்குப் போனாலும் மூன்றைக் கேட்டே ஆக வேண்டும்: குழாய் செருகுவார்களா? பல் எக்ஸ்ரே உண்டா? சுத்தம் செய்பவரைத் தவிர, மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கவென்றே இன்னொருவர் இருப்பாரா?