பெர்மாவை ஏமாற்றிய எண்

4294967297. பத்து இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணைப் பார்த்தால் விசேஷமாக ஒன்றும் தோன்றாது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதை ஒருவர் இதில்தான் சறுக்கினார்.

2இல் தொடங்குவோம். அதன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. பிறகு 256, 65536. ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்தும் பகா எண்கள். அதாவது, 1ஐயும் தம்மையும் தவிர வேறு காரணி அற்றவை. அடுத்து, 65536ஐ வர்க்கப்படுத்தி 1 கூட்டினால் வருவதே நமது பத்து இலக்க எண்.

பிரான்சில் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த பியேர் தெ பெர்மா, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்தவர். இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக அவர் 1640இல் கடிதம் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. பௌதிகம் படித்த நாம் அவரைக் குறை கூற முடியாது. ஐந்து அளவீடுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டால் விதி கிடைத்துவிட்டதென்று நாமும் துள்ளுகிறோம் அல்லவா?

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. 1729இல் கோல்டுபாக் என்ற கணித அறிஞர், பெர்மாவின் இக்கூற்று உண்மைதானா என்று ஆய்லரைக் கடிதத்தில் கேட்டார். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த ஆய்லருக்கு அப்போது வயது 22. மூன்று ஆண்டுகளில் அவர் விடை கண்டார்: நமது எண் 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது! ஈவு 6700417. வாசகர்கள் காகிதத்தில் வகுத்துப் பார்க்கலாம். சில நிமிட வேலைதான்.

641ஐ எப்படிப் பிடிப்பது? 65536 வரை 6542 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் மலைப்பாக இருக்கும். ஆய்லர் பின்னர் விளக்கிய வழி இது. நமது எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், அவற்றுள் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே திருடன் அகப்பட்டுவிடுகிறான்!

வியப்பு என்னவென்றால், இதே வகைச் சல்லடை பெர்மாவின் கையிலேயே இருந்தது. அதே 1640இல், 137438953471 என்ற எண்ணை (இது 2இன் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது) 223 வகுக்கும் என்று அவர் கண்டறிந்தார். அங்கே 74ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களைத் தேடினால் போதும். முதலாவது 149, இரண்டாவது 223. பன்னிரண்டு இலக்க எண்ணை உடைத்தவர் பத்து இலக்க எண்ணைக் கோட்டைவிட்டார். ஒருவேளை அதையும் சோதித்து, வகுத்தலில் எங்கோ பிசகியிருக்கலாம் என்பது என் ஊகம்.

3ஐ முதல் எண்ணாகக் கொண்டால் 4294967297 இவ்வரிசையில் ஆறாவது. அதுமுதல் 33ஆவது எண் வரை ஒன்றுகூடப் பகா எண் அன்று என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் 21ஆவது, 25ஆவது எண்களின் நிலை விசித்திரமானது. அவை பகு எண்கள் என்பது கணிப்பொறிகளால் உறுதிப்பட்டுவிட்டது. அவற்றை வகுக்கும் எண்ணோ இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை. 21ஆவது எண்ணை முழுதாக எழுதினால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும்.