பெட்டி ஒன்று, கேம் வேறு: ஆர்கேட் போர்ட்களை மாற்றிய கதை

1981இல் அமெரிக்காவில் நின்டெண்டோ கொம்பனியிடம் ஏறத்தாழ 2000 கேம் பெட்டிகள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. எல்லாம் 'ரேடார் ஸ்கோப்' என்ற ஒரே கேம். அமெரிக்கக் கிளை நம்பிக்கையோடு 3000 பெட்டிகளை ஜப்பானிலிருந்து வரவழைத்திருந்தது. கப்பலில் அவை வந்து சேர்வதற்குள் ஆட்களின் ஆசை வேறு பக்கம் போய்விட்டது. திருப்பி அனுப்பவும் வழியில்லை, எறியவும் மனமில்லை. கடைசியில், அதுவரை பெரிதாகப் பெயர் கேள்விப்படாத ஷிகேரு மியமோட்டோ என்ற இளைஞரிடம் அதே வன்பொருளில் ஓடக்கூடிய வேறொரு கேம் கேட்கப்பட்டது. அவர் கொடுத்தது 'டொங்கி கொங்'. ஜப்பானிலிருந்து புது சிப்களும் ஸ்டிக்கர்களும் வந்தன. ஒரு சின்னக் குழு களஞ்சியத்தில் இருந்து பெட்டி பெட்டியாகத் திறந்து மாற்றியது. பிறகு மரியோ என்று பெயர் வாங்கிய ஆள் அமெரிக்காவுக்கு வந்து இறங்கியது இப்படித்தான், விற்காத சரக்கைத் தள்ளிவிடுகிற ஒரு வேலையில்.

இப்ப ஒரு ரேடார் ஸ்கோப் பெட்டியைத் தேடிப் பாருங்கோ. குதிரைக்கொம்பு. பெரும்பாலானவை டொங்கி கொங் ஆகிவிட்டன. வழமையான டொங்கி கொங் பெட்டி நீலம்; மாற்றப்பட்ட அந்த முதல் தொகுதி மட்டும் சிவப்பு, அது ரேடார் ஸ்கோப்பின் நிறம். சேகரிப்பாளர்கள் அந்தச் சிவப்பைத் தேடித் திரிகிறார்கள். அழிந்ததும் அரிய பொருள், அழித்ததும் அரிய பொருள்.

எங்களை இந்தக் கதைக்குள் இழுத்த முடிச்சு இதுதான். ஆர்கேட் கேம்களில் அருமையான பொருளை உண்டாக்கியதே இந்த மாற்றும் வேலைதான். சேகரிப்பாளர்கள் அதைக் 'கன்வெர்ஷன்' என்பார்கள். இருபது வருசம் கழித்து அதே கன்வெர்ஷன் வந்து அந்த அருமைக்கு உலை வைத்தது. இடையில் 'ஒரிஜினல்' என்ற சொல் எங்கோ இடம்பெயர்ந்துவிட்டது.

முதலில் விசயம் என்ன என்று பார்ப்பம். காசு போட்டு விளையாடும் ஆர்கேட் மிஷினுக்குள் இருப்பது ஒரு சர்க்கிட் போர்ட். கேமின் நிரல், படம், சத்தம் எல்லாம் அந்தப் போர்ட்டில் இருக்கும் நினைவக சிப்களில் எழுதப்பட்டிருக்கும். கொம்பனிகள் ஒவ்வொரு கேமுக்கும் புதுப் போர்ட் வடிவமைப்பதில்லை. ஒரே போர்ட்டில் பல கேம்களை விடும். அப்ப சிப்களைக் கழற்றி, வேறு கேம் எழுதிய சிப்களைப் போட்டால் போர்ட்டும் வேறு கேம் ஆகிவிடும். கன்வெர்ஷன் என்பது அவ்வளவுதான். சொல்லச் சுகம். செய்யும்போதுதான் ஒயர், ஜம்பர், பாதுகாப்புப் பூட்டு எல்லாம் குறுக்கே வரும்.

எண்பதுகளின் அமெரிக்காவில் இதைச் செய்தவர்களுக்குச் சேகரிப்பு என்ற எண்ணமே இல்லை. கடைகளிலும் பார்களிலும் மிஷின் வைத்து நடத்தியவர்களுக்கு ஒரு பெட்டி என்பது மாதாமாதம் காசு தரவேண்டிய ஒன்று. காசு குறைந்தால் புதுப் பெட்டி வாங்குவதைவிட உள்ளே இருப்பதை மாற்றுவது மலிவு. 1982க்குப் பிறகு தொழில் சரியத் தொடங்கியபோது கன்வெர்ஷன் கிட்கள் நன்றாக ஓடின. பக்கவாட்டில் இருந்த அழகான ஓவியங்களுக்கு மேல் கறுப்புப் பெயின்ற். அவ்வளவுதான் மரியாதை.

இதில் எங்கட வயசுக்காரர் ஒரு குழுவும் இருந்தது. டக் மக்ரே, கெவின் கரன் என்ற எம்.ஐ.டி. மாணவர்களும் நண்பர்களும் வளாகத்தைச் சுற்றி ஆர்கேட் மிஷின் வைத்துப் பிழைத்தவர்கள். அவர்களிடம் இருந்த 'மிசைல் கொமாண்ட்' சலிக்கத் தொடங்கியதும், அதோடு இணைக்க ஒரு துணைப் போர்ட்டைத் தாங்களே செய்து, கேமைக் கடினமாக்கி, 295 டொலருக்கு மற்றவர்களுக்கும் விற்றார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. பிறகு சமாதானமாகி அவர்களையே கேம் செய்யச் சொன்னது; இனி மூலக் கொம்பனியின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கிட் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அந்த நேரம் அவர்கள் கையில் 'பக்-மான்' போர்ட்டுக்கான இன்னொரு கிட் பாதியில் இருந்தது. சம்மதம் கேட்க மிட்வே கொம்பனிக்குப் போனார்கள். மிட்வே அதை வாங்கியே விட்டது. 1982இல் வந்த 'மிஸ் பக்-மான்' அதுதான். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற அந்தக் கேமின் உள்ளே இருப்பது ஒரு பக்-மான் போர்ட், அதன் பிரதான சிப்பின் இடத்தில் குத்திய ஒரு துணைப் போர்ட். அதாவது ஒரிஜினலே ஒரு கன்வெர்ஷன்!

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 'கலக்ஸியன்' கேமை வேகமாக்கும் போர்ட் விற்ற ஒரு கொம்பனி 1983இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மிட்வேயிடம் தோற்றது.

எண்பதுகளின் நடுவில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் ஜம்மா என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. 56 தொடுமுனை, எந்தக் கொம்பனியின் போர்ட்டையும் ஒரே பெட்டியில் குத்தலாம். அதோடு பெட்டி வெறும் ஓடாகி, போர்ட்டே கேம் என்று ஆனது. பிறகு வந்த சேகரிப்பாளர்கள் ராக்கையில் புத்தகம் மாதிரிப் போர்ட்களை அடுக்கி வைக்க முடிந்ததும் இதனால்தான்.

விலைக்கதை உண்மையில் தொடங்குவது இங்கேதான். அதைச் சொல்ல கப்கொம்மின் சி.பி.எஸ்.-2ஐ விட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. 1993இல் 'சுப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'ஓடு வந்த வன்பொருள் அது. களவுக் கொப்பியைத் தடுக்க கப்கொம் நிரலைச் சங்கேதமாக்கி, அதைத் திறக்கும் சாவியை ஒரு பற்றரியின் தயவில் இருக்கும் நினைவகத்தில் வைத்தது. பற்றரி செத்தால் சாவி போச்சு, போர்ட்டும் போச்சு. சேகரிப்பாளர்கள் இதைத் 'தற்கொலைப் பற்றரி' என்றார்கள். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கியவரின் அலுமாரிக்குள் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டே இருந்தது.

2001 அளவில் சி.பி.எஸ்.2 ஷொக் என்ற குழு சங்கேதத்தைத் தாண்டி நிரலை வெளியே எடுத்தது. சாவி இல்லாமலே ஓடும் திருத்திய நிரலை எழுதி, செத்த போர்ட்களை எழுப்பினார்கள். அதற்கு 'ஃபீனிக்ஸ்' என்று பெயர். நோக்கம் காப்பாற்றுவது. ஆனால் கதவு திறந்தால் எல்லாரும்தானே வருவார்கள். மலிவாகக் கிடந்த சுப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போர்ட் ஒன்றை எடுத்து, 2001இல் வந்த 'புரோகியர்' போல அரிய ஒன்றாக மாற்றலாம் என்றானது. அப்போதும் ஒரு அடையாளம் மிச்சம் இருந்தது: ஃபீனிக்ஸ் போர்ட் தொடங்கும்போதே திரையில் தான் யார் என்று சொல்லிவிடும்.

2007இல் அன்ட்ரியாஸ் நைவும் நிக்கோலா சல்மோரியாவும் சங்கேத முறையையே முழுதாக உடைத்தார்கள். சல்மோரியா யார் தெரியுமா? 1997இல் மேம் என்ற எமுலேட்டரைத் தொடங்கியவர். எங்களில் பலர் இந்தக் கேம்களைக் கண்டது கொம்பியூட்டரில், அந்த மேமில்தான். 2016இல் எடுவார்டோ குரூஸ், ஆர்டெமியோ உர்பினா, இயன் கோர்ட் ஆகியோர் ஒரு சின்னக் கருவியால் சாவியைப் போர்ட்டுக்குள்ளேயே திரும்ப எழுதும் வழியைக் கண்டார்கள். இனிச் செத்த போர்ட்டுக்கு அதன் சொந்தச் சாவியைக் கொடுக்கலாம். வேறு கேமின் சாவியையும் கொடுக்கலாம். ஃபீனிக்ஸ் தேவையில்லை. கப்கொம் எழுதிய அதே நிரல், அதே சாவி. திரையைப் பார்த்து, இது பிறந்தபடி இருக்கிறதா, மாறி வந்ததா என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

அப்ப அரிய போர்ட்களின் விலை விழுந்திருக்க வேண்டும், இல்லையா? நாங்களும் அப்பிடித்தான் எதிர்பார்ப்போம். ஆனால் சந்தை இரண்டாகப் பிரிந்தது. விளையாட மட்டும் ஆசைப்பட்டவர் கன்வெர்ஷனோடு திருப்தியாகி வரிசையிலிருந்து விலகினார். மிஞ்சியவருக்கு வேண்டியது தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் பொருள். அவர் கேமுக்குக் காசு கொடுப்பதில்லை. சிப்பின் மேல் ஒட்டிய லேபலுக்கும், பெட்டியின் தொடர் இலக்கத்துக்கும், யாரும் திறக்காத திருகாணிக்கும் கொடுக்கிறார். எங்கட ஊரில் பழைய வாகனம் வாங்கப் போகிறவர் எஞ்சின் நம்பரும் சசி நம்பரும் புத்தகத்தோடு பொருந்துதா என்று குனிந்து பார்ப்பாரே, அதே பார்வை. மொரிஸ் மைனருக்குள் ஜப்பான் எஞ்சின் போட்டால் நல்லாத்தான் ஓடும். விலை மட்டும் வேறு.

இதன் உச்சத்தைப் பார்க்க எஸ்.என்.கே.யின் நியோ ஜியோவுக்குப் போகவேண்டும். 1990இல் ஒரே கேம்களை இரண்டு வடிவில் விற்றார்கள்: கடைக்கு எம்.வி.எஸ்., வீட்டுக்கு ஏ.இ.எஸ். வீட்டு வடிவம் குறைவாகத்தான் விற்றது, அதனால் இன்று விலை கூட. எம்.வி.எஸ். சிப்களை எடுத்து ஏ.இ.எஸ். கோதுக்குள் பொருத்தும் தொழில் அங்கே செழித்தது. 'கிசுனா என்கவுன்டர்' என்ற கேமின் ஐரோப்பியப் பதிப்புக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் கேட்பார்கள். ஜப்பானியப் பதிப்பு சாதாரணமாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் கேம் ஒன்றுதான். ஆங்கில மிஷினில் போட்டால் ஆங்கிலத்தில் பேசும். வித்தியாசம் லேபலிலும் அட்டையிலும். கடதாசிக்குத்தான் அந்தக் காசு. கடதாசியைக் கள்ளமாக அச்சடிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கன்வெர்ஷனை ஏமாற்று என்று மட்டும் திட்டுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. சொல்லி விற்கும் கன்வெர்ஷன், காசில்லாத ஒருவர் உண்மையான வன்பொருளைத் தொடும் ஒரே வழி. எங்களுக்கு உறுத்துவது வேறு. மாற்றுவதற்கு ஒரு போர்ட் பலியாக வேண்டும். எது பலியாகும்? விலை இல்லாதது. ஏன் விலை இல்லை? பல நேரம் மொழிதான் காரணம். கப்கொம் 1996இல் சி.பி.எஸ்.-2இல் 'குயிஸ் நானைரோ ட்ரீம்ஸ்' என்று ஒரு வினாடிவினா கேம் விட்டது. முழுக்க ஜப்பானிய மொழி. மற்ற நாட்டுச் சேகரிப்பாளருக்கு அதில் ஒரு கேள்வியும் விளங்காது. ஆகவே அது அவருக்கு ஒரு வெற்றுப் போர்ட். வாசிக்கத் தெரியாதவர் மதிப்புப் போடும்போது இதுதான் நடக்கும். 1981இல் ரேடார் ஸ்கோப்புக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், காரணம் மட்டும் வேறு. அந்த 2000 பெட்டிகளைத் திறந்தவர்களும் தாங்கள் ஒரு அரிய பொருளை உண்டாக்குகிறோம் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

கவனமான ஆட்கள் இருக்கிறார்கள். போர்ட்டை மாற்றினாலும் கழற்றின சிப்களை எறியாமல் பொலித்தீன் பையில் போட்டு, எந்த சிப் எந்த இடம் என்று துண்டும் எழுதி, விற்கும்போது சேர்த்துக் கொடுக்கிறார்கள். வேண்டுமென்றால் பழைய கேமுக்குத் திரும்பலாம். இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு விற்கும்போது அந்தப் பையும் கூடப் போகிறதா, 'கன்வெர்ஷன்' என்ற சொல்லும் கூடப் போகிறதா என்பதெல்லாம் விற்கிறவரைப் பொறுத்தது.